பழங்குடியினர் நலவாழ்வு முனைப்பு

பழங்குடியினர் நலவாழ்வு முனைப்பு (டிரைபல் ஹெல்த் இனிசியேட்டிவ்) என்பது தருமபுரி மாவட்டம், சிட்லிங்கிப் பள்ளத்தாக்கில் இயங்கும் தன்னார்வ மருத்துவ அமைப்பு ஆகும். காந்திகிராமத்தில் பணியாற்றிய மருத்துவ இணையர் ரெஜி ஜார்ஜ், லலிதா ரெஜி ஆகியோர் 1993 ஆம் ஆண்டு இதனைத் தொடங்கினர்.

வரலாறு

இங்கு தமிழ் பேசும் மலையாளிப் பழங்குடியினரும் லம்பாடியினரும் வாழ்கின்றனர். அக்காலத்தில் பள்ளத்தாக்கில் மருத்துவமனை இல்லை. வெளியூரிலிருந்து வந்த இணையர் இங்கேயே குடியேறி, ஊர்மக்கள் அமைத்துத் தந்த கூரைக் குடிசையில் மருத்துவம் பார்த்தனர். மகப்பேறும் அறுவை மருத்துவமும் அங்கேயே நடந்தன.

பணிகள்

உள்ளூர்ப் பழங்குடிப் பெண்களே செவிலியர்களாகவும், ஊர்தோறும் நலப் பணியாளர்களாகவும் பயிற்றுவிக்கப்பட்டனர். தொடக்கத்தில் 1000 பிறப்புகளுக்கு 147 ஆக இருந்த குழந்தை இறப்பு வீதம், பின்னர் ஏறத்தாழ 20 ஆகக் குறைந்தது. இயற்கை வேளாண்மை, லம்பாடிப் பூத்தையல் ஆகியவற்றுக்கும் இவ்வமைப்பு துணைபுரிந்துள்ளது.