ஒரு போத்தல் தண்ணீர் போதுமா?



"ஆத்துத் தண்ணி கறுத்து ஓடுதுங்க. ஒரு போத்தல் எடுத்து அனுப்பினா உண்மை தெரிஞ்சிடாதா?" தோட்டப்புறத்தில் பலரும் கேட்கும் கேள்வி இது. ஒரு போத்தல் தண்ணீர் அந்த ஒரு நேரத்து ஆற்றைத்தான் காட்டும். அதனால்தான் நம் நாட்டுச் சுற்றுச்சூழல் இலாகா 1978 முதல் பல ஆறுகளில், குறித்த இடங்களில், திரும்பத் திரும்பத் தண்ணீர் எடுத்துச் சோதித்து வருகிறது.

இடம்: ஆலைக் கழிவு ஆற்றில் விழும் இடத்துக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று எடுக்க வேண்டும். கீழே மட்டும் எடுத்தால், "மேலேயிருந்தே அப்படித்தான் வருது" என்று கையை விரித்து விடுவார்கள். இரண்டும் இருந்தால் குற்றம் எங்கே என்று தெரியும்.

காலம்: மழைக்காலத்திலும் வறட்சியிலும் எடுக்க வேண்டும். தண்ணீரில் கரைந்துள்ள பிராணவாயு விடியற்காலையில்தான் மிகவும் குறையும். நடுப்பகலில் மட்டும் அளந்தால் ஆறு நல்லபடியாக இருப்பதுபோல் தோன்றும்.

சோதனை: கரைந்த பிராணவாயு, அழுகும் கழிவு தின்னும் பிராணவாயு, இரசாயன முறையில் கழிவு கேட்கும் பிராணவாயு, அம்மோனியா, மிதக்கும் மண்தூசு, புளிப்பு-காரத் தன்மை ஆகிய ஆறையும் சேர்த்து 100-க்கு மதிப்பெண் போடுகிறார்கள். 81-க்கு மேல் சுத்தம். 60 முதல் 80 வரை ஓரளவு கெட்டது. அதற்குக் கீழ் கெட்ட ஆறு. சுத்திகரிக்காத செம்பனை ஆலைக் கழிவு ஆற்றில் கலந்தால், அதைத் தின்னும் கிருமிகள் பிராணவாயுவை உறிஞ்சிவிடும். மீன்கள் மூச்சுத் திணறிச் சாகும்.

இங்கேதான் கவனம் வேண்டும். அந்த ஆறு சோதனைகளில் நோய்க் கிருமி சேர்க்கப்படவில்லை! 85 மதிப்பெண் வாங்கிய ஆற்றிலும் டைபாய்டு, வயிற்றுப்போக்குக் கிருமிகள் இருக்கலாம். "சுத்தமான ஆறு" என்றால் குடிக்கலாம் என்று அர்த்தமில்லை. ஆற்றுத் தண்ணீரை நன்றாகக் கொதிக்க வைத்தே குடியுங்கள். ஆனால் கொதிக்க வைத்தாலும் இரசாயனம் போகாது. எண்ணெய் மிதந்தால், நாற்றம் அடித்தால் தொடவே வேண்டாம். பிள்ளைகளைக் குளிக்க விடாதீர்கள்.

அதிகாரிகள் தினமும் கரையில் நிற்க முடியாது. 2019 மார்ச்சில் பாசிர் கூடாங்கில், சுங்கை கிம் கிம் ஆற்றில் இரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். அதன் புகையால் ஆயிரக்கணக்கானோர் பாதிக்கப்பட்டார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அட்டவணை பார்த்தா அந்தக் கழிவு வந்தது?

ஆகவே இரண்டு சோதனைக்கு நடுவே காவல் நாம்தான். ஆறு மாறினால் தேதி, நேரம், இடம், நிறம், வாடை, செத்த மீன் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தள்ளி நின்று படம் எடுங்கள். கிளைச் செயலாளரிடமும் இலாகாவிடமும் உடனே சொல்லுங்கள். ஒரு வருஷத்து நோட்டு, ஒரு போத்தல் தண்ணீரைவிட அதிகம் பேசும்!