“இரத்தம் இல்லை” என்பது நோயின் பெயரா?



நாம் வாழும் திம்புள்ள மலைகளில் இன்று கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலைதான். நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னர் இதே சரிவுகளில் கோப்பி நின்றது. 1869-ல் இலங்கையின் கோப்பி இலைகளின் அடிப்பக்கத்தில் துருவைப் போன்ற ஒரு பொடி காணப்பட்டது. இலை மஞ்சளாகி உதிர்ந்தது, காய்ப்பு குறைந்தது. மண் களைத்துவிட்டது என்றார் ஒருவர். காலநிலைதான் காரணம் என்றார் மற்றவர். 1880-ல் இங்கு வந்த மார்ஷல் வார்ட் என்ற தாவரவியலாளர், இலையின் நுண்துளை வழியே உள்ளே நுழைந்து அதன் சத்தை உறிஞ்சும் ஒரு பூஞ்சணமே காரணம் என்று காட்டினார். அதற்குள் கோப்பி கையை விட்டுப் போய்க்கொண்டிருந்தது. அந்த இடத்துக்கு வந்ததுதான் தேயிலை.

இலை மஞ்சளானது வெறும் அடையாளம். பூஞ்சணம் காரணம். இரண்டுக்கும் நடுவே இலைக்குள் நடந்தது நோயின் போக்கு. மனித உடம்பின் நோய்களையும் மருத்துவர்கள் இப்படித்தான் மூன்றாகப் பிரித்துப் பார்க்கிறார்கள். இதை அறியாமல் நான் ஒரு பெண்பிள்ளைக்குச் செய்த அநியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் ஓர் உம்மா, கர்ப்பிணியான தன் மகளை என்னிடம் அழைத்து வந்தார். “ஹஸ்ரத், பிள்ளைக்குக் கண்ணூறு பட்டிருக்கு. எந்த நேரமும் சோர்வு. நாலு படி ஏறினால் மூச்சு வாங்குது. பச்சை அரிசியை அள்ளி அள்ளித் தின்கிறாள்” என்றார். முகம் வெளிறியிருந்ததை நானும் கண்டேன். ஓதித் தண்ணீர் கொடுத்து அனுப்பினேன். வேறு ஒரு வார்த்தை கேட்கவில்லை. பிரசவத்தின்போது அவளுக்கு அவசரமாக இரத்தம் ஏற்ற வேண்டி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். அவளுடைய ஹீமோகுளோபின் 6 என்று பிறகு அறிந்தேன். கர்ப்பிணிக்கு அது 11-க்குக் குறையக் கூடாது, நடு மாதங்களில் 10.5 வரை இறங்கலாம் என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 வேண்டும்.

ஓதிப் பார்ப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு நோய்க்கும் மருந்துண்டு என்றும், மருந்து நோயோடு பொருந்தினால் அல்லாஹ்வின் நாட்டப்படி சுகம் கிடைக்கும் என்றும் நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியிருக்கிறது. பல வருடங்களாக மாணவர்களுக்கு இந்த ஹதீஸை நடத்தியவன் நான். “பொருந்தினால்” என்ற சொல்லில் ஒருநாளும் நின்று யோசித்ததில்லை. எந்த நோய் என்று தெரியாமல் எதை எதனோடு பொருத்துவது?

நம் முன்னோர் இதை யோசித்திருக்கிறார்கள். பெரியம்மையும் சின்னமுத்தும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். இரண்டுக்கும் தொடக்கத்திலேயே வேறுபாடு சொல்லித் தனி நூல் எழுதியவர், பக்தாத் மருத்துவமனைக்குத் தலைமை வகித்த அபூபக்ர் அர்-ராஸி. முதுகுவலி பெரியம்மையில் கூடுதல் என்பது அவர் கண்ட குறிகளில் ஒன்று. நோய்களை வகைப்படுத்தும் வேலை இப்படிப் பக்கத்தில் இருந்து பார்த்துத்தான் தொடங்கியது.

இப்போது அந்தப் பெண்பிள்ளையின் வெளிறிய முகத்துக்கு வருவோம். “இரத்தம் இல்லை” என்று நாம் சொல்வதை மருத்துவர் இரத்தசோகை என்பார். அதுவும் முழுப் பெயர் அல்ல. வீட்டுக்குள் தண்ணீர் நிற்கிறது என்பதைப் போல ஒரு செய்தி, அவ்வளவுதான். கூரை ஒழுகுகிறதா, குழாய் வெடித்ததா, பீலி அடைத்துக்கொண்டதா என்று பார்க்க வேண்டாமா?

நம் தோட்டங்களில் நெடுங்காலம் இருந்த ஒரு காரணம் கொக்கிப்புழு. நோயாளியின் மலம் விழுந்த ஈரமண்ணில் அதன் முட்டை பொரிக்கும். வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்துக் குஞ்சு உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலுக்கு வந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் கடித்துத் தொங்கும். தோல் வழியாகப் போகிறது என்பதை 1898-ல் கெய்ரோவில் ஆர்தர் லூஸ் என்ற ஆய்வாளர் கண்டார், அதுவும் தற்செயலாக: குஞ்சுகள் இருந்த நீர் அவருடைய கையிலேயே சிந்திவிட்டது!

ஒரு சிறிய புழு ஒரு நாளைக்குக் குடிப்பது ஏறத்தாழ 0.03 மில்லிலீற்றர். இதில் என்ன போய்விடும் என்று தோன்றும். நூறு புழு இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலீற்றர், மாதத்துக்கு 90. மாதவிடாயில் ஒரு பெண் சாதாரணமாக இழப்பது 30 முதல் 40 மில்லிலீற்றர்தான்.

உடம்பு இதை உடனே வெளியே காட்டாது. ஈரலிலும் எலும்பு மச்சையிலும் சேமித்த இரும்பை எடுத்துச் சமாளிக்கும். அந்த மாதங்களில் ஒரு குறியும் தெரியாது. சேமிப்பு தீர்ந்த பிறகுதான் புதிய சிவப்பணுக்கள் சிறுத்து, வெளிறிப் பிறக்கும். அவற்றால் போதிய ஒட்சிசனைச் சுமக்க முடியாது. அப்போது இதயம் வேகமாக அடித்து அந்தக் குறையை ஈடு செய்யும். படபடப்பும் மூச்சு வாங்குவதும் அதனால்தான். நம்முடைய மேடு பள்ளங்களில் கொழுந்துக் கூடையோ தண்ணீர்க் குடமோ சுமக்கும் பெண் இதைச் சோம்பல் என்று பெயர் வாங்கிக்கொண்டே சகித்திருப்பாள். பிரசவத்தில் இரத்தம் போகும்போது ஈடு செய்ய இனி ஒன்றும் மிச்சமில்லை. ஆபத்து அங்கேதான் இருக்கிறது.

பச்சை அரிசி தின்றதால் பிள்ளை வெளிறிப்போனாள் என்று மாமிமார் சொல்வார்கள். பெரும்பாலும் விஷயம் தலைகீழ். இரும்புச்சத்து குறைந்தவர்களுக்கே அரிசியும் மண்ணும் ஐஸ் கட்டியும் தின்னும் ஆசை அதிகம் வருகிறது. இரும்பு ஏறியதும் அந்த ஆசை போய்விடுவதைப் பலரிடம் காணலாம்.

புழு மட்டுமா காரணம்? சோற்றோடு தேத்தண்ணி குடிப்பதும் ஒன்று. தேயிலையின் சாயச்சத்து, கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பைப் பிடித்துக்கொள்ளும். உடம்பு உறிஞ்சுவது பாதிக்கும் கீழே போய்விடலாம். தேயிலை மலையில் இருந்துகொண்டு தேத்தண்ணியை விடச் சொன்னால் யார் கேட்பார்கள்? நானே விடவில்லை. சாப்பாட்டுக்கும் தேத்தண்ணிக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள், நோன்பு திறக்கும்போதும் கூட. கீரையில் தேசிக்காய் பிழிந்தால் இரும்பு நன்றாகச் சேரும். இறைச்சியின் இரும்பு எளிதில் சேரக்கூடியது. பேரீத்தம்பழத்தை ஸுன்னத் என்பதற்காகச் சாப்பிடுங்கள். சோகைக்கு அது போதும் என்று இருந்துவிடாதீர்கள், அதிலுள்ள இரும்பு கொஞ்சம்தான்.

அடுத்தடுத்த கர்ப்பமும் அதிக மாதவிடாயும் வேறு காரணங்கள். பரம்பரையாக வரும் தலசீமியா இன்னொன்று. அதிலும் அணுக்கள் சிறுத்து வெளிறியே இருக்கும், ஆனால் குறைபாடு இரும்பில் இல்லை. கடுமையான தலசீமியாவில் உடம்பில் இரும்பு தேங்கி நின்று கேடு செய்யும். பரிசோதிக்காமல் கடையில் இரும்பு டொனிக் வாங்கிக் கொடுக்காதீர்கள் என்பது இதற்காகத்தான். தாய் தகப்பன் இருவருமே அதன் மரபணுவைச் சுமப்பவர்களானால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்குக் கடுமையான நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு. மச்சான் முறையில் கலியாணம் பேசும் குடும்பங்கள் நிக்காஹ்வுக்கு முன் இரத்தம் பார்த்துக்கொள்வது நல்லது.

உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல், 10-ஆம் திருத்தத்தில், கொக்கிப்புழுவைத் தொற்றுகளோடு பி 76 என்று வைக்கிறது. இரும்புக் குறைவுச் சோகை டி 50. தலசீமியா டி 56. கர்ப்பிணியின் சோகைக்கு வேறோர் இடம். 11-ஆம் திருத்தம் 2022-ல் நடைமுறைக்கு வந்தது. எண்கள் நமக்கு அவசியமில்லை. ஒரே வெளிறிய முகம் இத்தனை அறைகளில் போய் நிற்கிறது என்பதைக் கவனியுங்கள். அறைக்கு அறை மருந்து வேறு.

மருந்து மட்டும் போதாது என்பதையும் நம் மலைநாடே கண்டிருக்கிறது. 1916-ல் ராக்பெல்லர் அறக்கட்டளை இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கானோருக்கு மருந்து கொடுத்தார்கள். லயங்களில் கக்கூஸ் இல்லாததால் அதே மண்ணிலிருந்து புழு திரும்ப ஏறியது. மக்கள் நடக்கும் பாதையிலும், நிழலிலும், நீர்த்துறையிலும் மலஜலம் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்திருப்பதை நாம் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒழுக்கமாகவே சொல்லிக் கொடுக்கிறோம். அது இரத்தத்தோடும் சம்பந்தப்பட்டது என்று சொல்லிக் கொடுப்பதில்லை.

இன்று கர்ப்பிணிக் கிளினிக்குகளில் இரும்பு மாத்திரையும், முதல் மூன்று மாதம் கழிந்ததும் பூச்சி மாத்திரையும் தருகிறார்கள். இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும், பயப்பட வேண்டாம். அதைத் தேத்தண்ணியோடும் கல்சியம் மாத்திரையோடும் சேர்த்து விழுங்காதீர்கள். குமட்டுகிறது என்று பெட்டிக்குள் ஒளித்து வைப்பவர்களும் உண்டு. அதை மிட்வைபிடம் சொன்னால் வேறு வழி காட்டுவார்.

இப்போதும் என்னிடம் பிள்ளைகளை அழைத்து வருகிறார்கள். ஓதுவதற்கு முன் கிளினிக் கொப்பியைக் கேட்கிறேன், அதில் ஹீமோகுளோபின் எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கிறேன். கொப்பி இல்லாதவர்களுக்குத் தண்ணீரை ஓதிக் கொடுத்துவிட்டு, இரத்தம் பார்த்து வரும்படி ஒரு துண்டும் எழுதிக் கொடுக்கிறேன். சிலருக்கு அந்தத் துண்டு பிடிப்பதில்லை. ஹஸ்ரத்துக்கு ஓதுவதில் நம்பிக்கை குறைந்துவிட்டது என்று லயத்தில் பேசிக்கொள்வதாகவும் கேள்வி.