திமிங்கிலத்தின் விரல்கள்

விடுமுறையில் சிறுவரை எங்கே அழைத்துச் செல்லலாம் என வினவும் பெற்றோர்க்கு, இலண்டன் தென் கென்சிங்டனில் 1881இல் திறக்கப்பெற்ற இயற்கை வரலாற்று நூதனசாலையையே கூறுவேன். நுழைவுக் கட்டணம் இல்லை. கூட்டம் மிகுதியாதலால் காலையிலேயே செல்லுதல் நன்று.

நடுமண்டபத்தில் 2017 முதல் 25 மீற்றர் நீளமான நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு தொங்குகின்றது. 1891இல் அயர்லாந்துக் கரையில் ஒதுங்கிய விலங்கு அது. ஆம், விலங்கே, மீனன்று. நுரையீரலால் மூச்சுவிட்டு, குட்டி ஈன்று பாலூட்டும் இனம். துடுப்பினுள் வரிசையாக அமைந்த விரலெலும்புகளைக் காட்டி, பிள்ளைகளைத் தம் கைகளை விரித்துப் பார்க்கச் சொல்லுங்கள். கேள்விகள் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே வரும். விடைகளைத் தமிழிலேயே அளியுங்கள்.

இவ்வினம் திருகோணமலைக் கடலிலும் உலாவுவதுண்டு என்றேன். அங்கு வாழும் அப்பம்மா அதனைக் கண்டதுண்டோ என மகள் வினவினாள். கடிதம் எழுதிக் கேட்கச் சொன்னேன். மூன்றே வரிகள், ஆயினும் அவள் தமிழில் எழுதிய முதற்கடிதம் அது.