வீட்டுக் கணினியை வெளியூரிலிருந்து ஏன் எட்ட முடிவதில்லை?

வீட்டுக் கணினி தன் முகவரி 192.168.1.5 என்று கூறுவதை நம்பி, வெளியூரிலிருந்து அவ்விலக்கத்தைத் தட்டுபவர் ஏமாற்றமே அடைவர். ஏனெனில் 1996-இல் வெளியான விதிப்படி, அவ்வரிசை எண்கள் தனிப்பட்ட வலைகளுக்கென ஒதுக்கப்பட்டு, எண்ணற்ற இல்லங்களில் ஏககாலத்தில் வழங்குபவை. 32 பிட் கொண்ட பழைய முறையில் மொத்தமே சுமார் 430 கோடி முகவரிகள்தாம் உண்டாதலால், இல்லத்துச் சாதனங்கள் யாவும் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்ள, எது எந்தப் போர்ட் வழியே யாருக்கு விண்ணப்பித்தது என்பதை ரவுட்டர் ஓர் அட்டவணையில் குறித்துவைத்து, விடையை உரிய சாதனத்திடம் சேர்ப்பிக்கிறது. உள்ளிருந்து எழாத விண்ணப்பத்துக்கோ அதில் குறிப்பே இல்லை, வாசலிலேயே தள்ளப்படுகிறது. அக்குறிப்பை நாமே முன்கூட்டி எழுதிவைக்கலாமெனினும், அவ்வழி அந்நியருக்கும் திறந்திருக்குமாதலால், வி.பி.என். வாயிலாக நுழைவதே என் அபிப்பிராயத்தில் உசிதம். சேவை நிறுவனமே பல வீடுகளை ஒரு முகவரிக்குள் அடக்கியிருந்தால் (இன்று அது சகஜம்), நம் ரவுட்டரில் எதை எழுதியும் பிரயோஜனமில்லை. இரு தரப்பும் தாமே சென்று சந்திக்கும் இடைநிலைச் சர்வர் ஒன்றை நாட வேண்டியதுதான்.