யுவான் சுவாங்கின் காஞ்சிபுர யாத்திரை

யுவான் சுவாங்கின் காஞ்சிபுர யாத்திரை என்பது சீன பௌத்தத் துறவியான யுவான் சுவாங், கி.பி. 640 அளவில் பல்லவர் தலைநகராகிய காஞ்சிபுரத்திற்கு மேற்கொண்ட பயணத்தைக் குறிக்கும். அப்போது முதலாம் நரசிம்மவர்மன் ஆட்சியில் இருந்தான். காஞ்சியில் பௌத்தம் செழித்திருந்த நிலையை நேரில் கண்டு எழுதப்பட்ட சான்று என்பதால், தமிழக வரலாற்றில் இப்பயணம் முக்கியத்துவம் பெறுகிறது.

பின்னணி

புத்தர் வாழ்ந்த இடங்களை வழிபடவும் மூல நூல்களைக் கற்கவும் யுவான் சுவாங் சீனத்திலிருந்து புறப்பட்டார். நடு ஆசியா வழியாக இந்தியாவை அடைந்து, நாளந்தாவில் சீலபத்திரர் என்ற ஆசிரியரிடம் யோகாசாரத் தத்துவம் பயின்றார். சீலபத்திரரின் ஆசிரியர் தருமபாலர் ஆவார். தருமபாலர் பிறந்த ஊர் காஞ்சிபுரம். எனவே யுவான் சுவாங்கிற்குக் காஞ்சி, தம் ஆசிரியரின் ஆசிரியர் பிறந்த ஊராகும்.

பயணமும் பருவமும்

பௌத்தத் துறவிகள் மழைக்காலத்தில் மூன்று மாதங்கள் ஓரிடத்திலேயே தங்க வேண்டும் என்பது சங்க விதி. மழையில் முளைக்கும் பயிர்களும் சிற்றுயிர்களும் காலடியில் மிதிபடக் கூடாது என்பது இதற்குக் கூறப்படும் காரணங்களுள் ஒன்று. ஆகையால், நிலம் உலர்ந்த பனி, வேனில் மாதங்களே துறவிகள் ஊர் ஊராக நடப்பதற்கு ஏற்ற பருவங்களாக இருந்தன.

யுவான் சுவாங் ஆந்திர நாட்டைக் கடந்து, தானியகடகத்தில் சில மாதங்கள் தங்கிக் கற்றார். பின்னர்ச் 'சோழ' நாட்டை அடைந்தார். இது காவிரிக்கரைச் சோழநாடு அன்று. கடப்பைப் பகுதியில் இருந்த தெலுங்குச் சோழர் நாடு என்று ஆய்வாளர் கருதுவர். அங்கிருந்து காடுகளின் வழியே தெற்கு நோக்கி 1,500 அல்லது 1,600 லி சென்று திராவிட நாட்டை அடைந்ததாக அவரது நூல் கூறுகிறது. லி என்பது சீன நீட்டலளவை. அக்கால லி ஏறத்தாழ 400 முதல் 500 மீட்டர் வரை இருக்கலாம் எனக் கணிக்கப்படுகிறது.

காஞ்சியைப் பற்றிய குறிப்புகள்

காஞ்சி நகரின் சுற்றளவு 30 லி என்றும், நிலம் வளமானது என்றும், மக்கள் துணிவும் நேர்மையும் கல்வியில் மதிப்பும் உடையவர்கள் என்றும் அவர் எழுதியுள்ளார். அவர் தரும் பிற விவரங்கள்:

* 100-க்கும் மேற்பட்ட பௌத்தப் பள்ளிகளும் 10,000 துறவிகளும் இருந்தனர்.
* ஏறத்தாழ 80 தேவர் கோயில்கள் இருந்தன. நிர்கிரந்தர் எனப்படும் சமணர் பலர் வாழ்ந்தனர்.
* நகருக்குத் தெற்கே ஒரு பெரிய பௌத்தப் பள்ளியும், அசோகர் கட்டியதாகக் கூறப்பட்ட, ஏறக்குறைய 100 அடி உயரத் தூபியும் இருந்தன.

இவ்வெண்கள் முழு எண்களாக இருப்பதால் இவற்றைத் துல்லியமான கணக்காகக் கொள்ள இயலாது. எனினும் நகரில் பௌத்தர் இருந்ததற்கு வேறு சான்றுகளும் உள்ளன. மணிமேகலைக் காப்பியத்தில் மணிமேகலை காஞ்சிக்கு வருகிறாள். நரசிம்மவர்மனின் தந்தை முதலாம் மகேந்திரவர்மன் இயற்றிய மத்தவிலாசப் பிரகசனம் என்னும் நகைச்சுவை நாடகத்தில், காஞ்சியில் வாழும் பௌத்தத் துறவி ஒரு பாத்திரமாக இடம்பெறுகிறார்.

ஈழம் செல்லாமல் திரும்பியமை

ஹுயிலி என்ற துறவி எழுதிய யுவான் சுவாங்கின் வாழ்க்கை வரலாறு, காஞ்சியிலிருந்து ஈழத்திற்குக் கடல்வழியே மூன்று நாள் பயணம் என்கிறது. யுவான் சுவாங் ஈழம் செல்ல விரும்பினார். ஆனால் அங்கு மன்னன் இறந்து பஞ்சமும் ஏற்பட்டதால், ஈழத்துத் துறவிகள் பலர் காஞ்சிக்கே வந்திருந்தனர். யோகாசார நூல்கள் குறித்து அவர்களிடம் வினவியபோது, சீலபத்திரரின் விளக்கத்தை விஞ்சும் விடை கிடைக்கவில்லை. எனவே அவர் வடமேற்கு நோக்கித் திரும்பினார்.

விளைவு

645-இல் சீனம் திரும்பிய யுவான் சுவாங், 646-இல் தம் பயண நூலை நிறைவு செய்தார். 659-இல் யோகாசார நூலொன்றைச் சீனத்தில் தொகுத்து மொழிபெயர்த்தபோது தருமபாலரின் உரையையே முதன்மையாகக் கொண்டார். சீனம், கொரியா, சப்பான் ஆகிய நாடுகளின் யோகாசாரப் பள்ளிக்கு இந்நூலே அடிப்படை. இவ்வாறு காஞ்சியில் பிறந்த ஒருவரின் கருத்துகள், அவர் ஊரில் மறைந்த பின்னரும் கிழக்காசியாவில் நிலைத்தன.

இன்றைய நிலை

யுவான் சுவாங் குறிப்பிட்ட தூபி இன்று இல்லை. தொல்லியல் அறிஞர் து. அ. கோபிநாத ராவ் காஞ்சிபுரத்துப் புத்தர் சிலைகளைப் பற்றி 1915-இல் எழுதினார். காமாட்சியம்மன் கோயிலில் இருந்த, நின்ற கோலத்துப் பெரிய புத்தர் சிலை சென்னை அரசு அருங்காட்சியகத்தில் உள்ளது. கருக்கினில் அமர்ந்தவள் அம்மன் கோயிலிலும் புத்தர் சிலைகள் உள்ளன. ஏகாம்பரநாதர் கோயில் வெளிமதிலில் புத்தர் உருவங்கள் பொறித்த கற்கள் காணப்படுகின்றன. கோயில் நகராகவும் பட்டு நகராகவும் அறியப்படும் காஞ்சிபுரத்திற்கு, பௌத்தக் கல்வி நகர் என்ற மூன்றாவது முகமும் இருந்ததற்கு, பயணியின் ஏடும் சிதறிய இக்கற்களுமே முதன்மைச் சான்றுகளாகும்.