பத்து ஃபிரேமில் ஒரு கடற்கரை

கையகல அசையும் படங்களை நாமே செய்வோம். அதற்கான பாடமெல்லாம் புத்தளம் கரையிலேயே இருக்கிறது.

கற்பிட்டிக் குடாநாட்டின் மாம்புரியில் 2010இல் காற்றாலைகள் சுழலத் தொடங்கின. ஒவ்வொன்றிலும் மூன்று இறக்கைகள். மூன்றில் ஒரு சுற்று, அதாவது 120 பாகை திரும்பியதும், ஓர் இறக்கை நின்ற இடத்துக்கு அடுத்த இறக்கை வந்துவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்கு எல்லாம் தொடங்கிய நிலையிலேயே இருக்கும். ஆகவே அந்தச் சுழற்சியைக் கணினியில் வரைய முழுச் சுற்றுத் தேவையில்லை. 12 பாகைக்கு ஒன்றாகப் பத்துப் படங்கள், அதாவது பத்து ஃபிரேம்கள் போதும். ஒவ்வொரு படத்தையும் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் காட்டினால், மூன்று நொடிக்கு ஒருமுறை சுற்றும் காற்றாலை ஒன்று திரையில் ஓயாமல் ஓடும்.

பத்தாவது படத்துக்குப் பிறகு முதல் படத்தை மறுபடி சேர்த்துவிடக் கூடாது. ஒரே படம் இரண்டு முறை வந்தால் இறக்கை கணநேரம் தடுக்கி நிற்பது தெரியும்.

சிறிய அசையும் பேனர் செய்யும் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எந்த அசைவு தொடங்கிய இடத்துக்கே திரும்புகிறது என்று கண்டுகொள்ள வேண்டும். கண்டுகொண்டவருக்கு மற்றதெல்லாம் பழக்கத்தில் வரும்.

தட்டில் தொடங்கிய கதை

திரும்பத் திரும்ப ஓடும் படம் சினிமாவுக்கு மூத்தது. பெல்ஜியத்தின் ஜோசப் பிளாத்தோ 1832இல், வட்டத் தட்டின் விளிம்பில் வரிசையாகப் படங்களை வரைந்து, அதைச் சுழற்றி, கண்ணாடியில் விழும் பிம்பத்தைத் துளைகள் வழியே பார்க்கும் கருவியைச் செய்தார். தட்டுக்கு முதலும் இல்லை, முடிவும் இல்லை. அதனால் அதில் வரைந்த உருவமும் நிற்காமல் ஆடியது.

கணினியில் அந்தத் தட்டின் இடத்தைப் பிடித்தது ஜிஃப் என்னும் படக்கோப்பு வடிவம். 1987 ஜூனில் அமெரிக்காவின் கம்பியூசர்வ் நிறுவனத்தில் ஸ்டீவ் வில்ஹைட்டும் அவர் குழுவினரும் இதை வெளியிட்டார்கள். மெதுவான தொலைபேசி இணைப்பில் வண்ணப் படம் அனுப்புவதே நோக்கம். ஒரு படத்துக்கு அதிகபட்சம் 256 நிறங்கள். 1989இல் வந்த திருத்தப் பதிப்பில், ஒவ்வொரு ஃபிரேமும் எவ்வளவு நேரம் நிற்க வேண்டும் என்பதை நொடியின் நூறில் ஒரு பங்குக் கணக்கில் குறிக்கும் வசதி சேர்ந்தது. 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் உலாவி, படத்தை முடிவின்றிச் சுற்றவிடும் கட்டளையைக் கொண்டுவந்தது. அதன் பிறகுதான் 468க்கு 60 பிக்சல் அளவுள்ள நீளப் பட்டைகள் உலகெங்கும் அசையத் தொடங்கின.

இந்த வடிவத்தின் சுருக்க முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை கோரியதால் சில ஆண்டுகள் பெரும் சச்சரவு நடந்தது. அமெரிக்காவில் அந்தக் காப்புரிமை 2003இல் காலாவதியானது. இன்று யாரும் யாருக்கும் காசு கொடுக்காமல் ஜிஃப் செய்யலாம்.

களப்பு சொல்லித்தரும் சிக்கனம்

ஜிஃப் ஒரு படத்தை மேலிருந்து கீழாக, வரி வரியாகப் படித்துச் சுருக்குகிறது. ஒரு வரி முழுதும் ஒரே நிறமாக இருந்தால் அதைச் சில எழுத்துகளில் எழுதி முடித்துவிடும். புத்தளம் களப்பின் காட்சியை நினைத்துப் பாருங்கள். மேலே வானம், நடுவே நீர், கீழே மணல், எல்லாம் கிடைக்கோடுகள். பாலாவி உப்பளத்தின் பாத்திகளும் அப்படியே. நீளமாகவும் ஒடுக்கமாகவும் உள்ள பேனருக்கு இதைவிடப் பொருந்திய நிலக்காட்சி கிடைக்காது; கோப்பின் எடையும் குறையும்.

அந்தி வானம்தான் சோதனை. செம்மஞ்சளிலிருந்து ஊதாவுக்கு மெல்ல மாறும் வானத்தை 256 நிறத்துக்குள் அடைக்கும்போது பட்டை பட்டையாகத் தெறிக்கும். அதை மறைக்க மென்பொருள் புள்ளிகளைத் தூவும்; தூவிய புள்ளிகள் வரிகளின் ஒருமையைக் கெடுத்துக் கோப்பைப் பருக்கவைக்கும். நிறங்களை நீங்களே எட்டாகவோ பதினாறாகவோ குறைத்து, வானத்தைத் துணிந்து மூன்று பட்டைகளாக வரைந்துவிடுவது நல்லது. படமும் தெளிவாக இருக்கும், பாரமும் இருக்காது.

எந்த அசைவுக்கு எந்த வழி

கரையில் கட்டிய தோணி அலையில் ஆடுகிறது. ஐந்து ஃபிரேம் வரைந்து, ஒன்று முதல் ஐந்து வரை போய், அதே வழியில் இரண்டு வரை திரும்பினால் எட்டு ஃபிரேம் கிடைக்கும். தென்னோலைக்கும் இது பொருந்தும்.

உடப்பில் கரைவலை இழுப்பதை இப்படிச் செய்ய முடியாது. முன்னும் பின்னும் ஓட்டினால், இழுத்த கயிற்றை அவர்களே கடலுக்குத் திருப்பிக் கொடுப்பதாகிவிடும். கயிறு ஒரே திசையில்தான் வர வேண்டும். கயிற்றின் முறுக்கு ஒன்றை ஃபிரேம் தோறும் சிறிது நகர்த்தி, அடுத்த முறுக்கின் இடத்தை அது தொடுவதற்கு ஒரு ஃபிரேம் முன்பே சுற்றை முடிக்க வேண்டும். அங்கே அம்பாப் பாட்டின் அடிக்கு ஏற்ப எல்லோரும் சேர்ந்து இழுப்பார்கள். அந்த மூச்சு படத்திலும் வர வேண்டுமானால் ஃபிரேம்களின் நேரம் சமமாக இருக்கக் கூடாது. இழுப்புக்குக் குறைந்த நேரம், அடுத்த அடிக்குக் காத்து நிற்பதற்குக் கூடுதல் நேரம் கொடுங்கள். படம் உடனே உயிர் பெறும்.

நவம்பர் முதல் சில மாதங்கள் கற்பிட்டிக் கடலில் துள்ளும் டொல்பின்களுக்கு வேறு உத்தி. தன்னைத்தானே சுழற்றிக்கொண்டு எழும் அந்தத் துள்ளல் ஒருமுறை நிகழ்ந்து முடிவது. வெறுங்கடலில் தொடங்கி வெறுங்கடலிலேயே முடியுங்கள். அந்தக் கடைசி ஃபிரேமை இரண்டு நொடி நிறுத்துங்கள். அடுத்த துள்ளலுக்குப் பார்ப்பவர் ஏங்குவார். கடல் மாறாததால், டொல்பின் இருக்கும் சிறு சதுரத்தை மட்டும் ஃபிரேம் தோறும் சேமித்தால் போதும்.

இவற்றுக்குப் பணம் கட்டி மென்பொருள் வாங்க வேண்டாம். இலவசமான கிம்ப்பில் ஓர் அடுக்கு ஓர் ஃபிரேம். அடுக்கின் பெயரோடு அடைப்புக்குறிக்குள் நேரத்தை எழுதி, ஏற்றுமதியின்போது அசைபடம் என்று தெரிவுசெய்தால் வேலை முடிந்தது.

எழுத்தும் கண்ணும்

தமிழ் எழுத்துக்குக் கூடுதல் இடம் விடுங்கள். அறுபது பிக்சல் உயரத்தில் இரண்டு வரி திணித்தால் சுழிகள் அடைத்துக்கொள்ளும், மெய்யின் புள்ளி காணாமல் போகும். ஒரு வரி, தடித்த எழுத்து, நான்கைந்து சொற்கள் போதும். எழுத்து அசையவே வேண்டாம், பின்னணி அசையட்டும். படத்துக்குள் போன எழுத்தைத் தேடுபொறி எளிதில் காணாது, பார்வையற்றோருக்கு வாசித்துக் காட்டும் கருவியும் பொதுவாகப் படிக்காது. அதே செய்தியைப் படத்தோடு எழுத்திலும் அனுப்புவது மரியாதை.

உடப்புத் திரௌபதி அம்மன் கோயிலின் தீமிதிப்பை வரைபவருக்கு நெருப்பைப் பளிச்சிட வைக்கும் ஆசை வரும். அங்கே கவனம் வேண்டும். 1997 டிசம்பரில் ஜப்பானில் போக்கிமான் தொடரின் ஒரு காட்சியில் சிவப்பும் நீலமும் வேகமாக மாறி மின்னியதில் 600க்கும் மேற்பட்ட பிள்ளைகள் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். நொடிக்கு மூன்று முறைக்கு மேல் எதுவும் மின்னக் கூடாது என்பது இணைய உலகம் ஏற்ற விதி. கங்கு மெல்லக் கனன்றாலே தீ தீயாகத் தெரியும்.

நம் படம் நம் கையில்

பெருநாளுக்கும், முன்னேஸ்வரத் தேருக்கும், தலவில அன்னம்மாள் திருவிழாவுக்கும் நம் கைப்பேசிகளில் வாழ்த்துப் படங்கள் குவிகின்றன. அவற்றில் பல, எங்கோ யாரோ செய்த மின்னும் ரோஜாக்கள். அந்த வாழ்த்தில் நம் களப்பு இல்லை, தோணி இல்லை, உப்பு இல்லை. வாட்ஸ்அப்பின் அசையும் ஸ்டிக்கருக்கு 512 பிக்சல் சதுரமும் 500 கிலோபைட்டுக்குள் ஒரு கோப்பும் போதும். வடிவம் வெப்பி என்று மாறியிருக்கிறது. பத்து ஃபிரேம் கணக்கு மாறவில்லை.

எங்கள் பாடசாலைகளின் கணினி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தவணையில் ஒரு பாடவேளையை இதற்கு ஒதுக்குங்கள். பிள்ளைகளைக் கரைக்கு அழைத்துப் போய், திரும்பி வரும் ஓர் அசைவை ஒவ்வொருவரும் தேடிப்பிடிக்கச் சொல்லுங்கள். கோணம், நேரம், நிறம், சிக்கனம் எல்லாம் அந்த ஒரே பயிற்சியில் வந்துவிடும். அவர்கள் செய்யும் படத்தை அடுத்த திருவிழாவுக்கு ஊரே அனுப்பட்டும்.