பரணில் கிடக்கும் பீளமேடு

கல்யாணம் முடிந்துவிட்டது. அழைப்பிதழ் என்ன ஆகும்?

கொஞ்ச நாள் அலமாரியில் கிடக்கும். பிறகு பழைய பேப்பர்காரரின் தராசில் ஏறும்.

அந்த அழைப்பிதழைப் பத்திரமாக வைத்திருக்கும் நூலகமும் இருக்கிறது!

சென்னை தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்தான் அது. புத்தகங்கள் மட்டும் அல்ல. நாடக நோட்டீசு, சினிமா பாட்டுப் புத்தகம், கடிதம், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அங்கே உண்டு.

யார் இந்த முத்தையா?

செட்டிநாட்டுக் கோட்டையூரைச் சேர்ந்தவர். இளமையில் சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் தொழில் செய்தார். "ரோஜா" என்ற பெயர் அப்போது ஒட்டிக்கொண்டது.

கையில் இருந்த பணத்தை எல்லாம் பழைய புத்தகத்தில் போட்டார். மற்றவர்கள் குப்பை என்று ஒதுக்கியதையும் சேர்த்தார். வீடு நிறைந்தது. ஏறக்குறைய 1 லட்சம் உருப்படிகள்!

1992-ல் அவர் காலமானார். அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை விலைக்கு வாங்கியது. ஆனால் கப்பலில் ஏற்றிக் கொண்டுபோய்விடவில்லை. 1994-ல் சென்னையிலேயே நூலகமாக அமைத்தது. நல்ல காரியம்!

பாட்டுப் புத்தகத்தின் பெருமை

அந்தக் காலத்தில் சினிமா கொட்டகை வாசலில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள். கதைச் சுருக்கம், நடிகர்களின் பெயர்கள், பாட்டுகள் எல்லாம் அதில் இருக்கும்.

தமிழின் முதல் பேசும் படம் "காளிதாஸ்". 1931-ல் வந்தது. இன்று அதன் பிரதி கிடையாது. அந்தக் காலத்துப் படங்கள் பலவற்றின் கதியும் இதுதான். படச்சுருள் அழிந்துவிட்டது, காலணாவுக்கும் அரையணாவுக்கும் விற்ற காகிதம் பிழைத்துக்கொண்டது. கதை என்ன, யார் நடித்தார் என்பதை அந்தக் காகிதம்தான் சொல்கிறது.

கோவைக்காரர்களுக்கு இதில் தனி உரிமை உண்டு. சாமிக்கண்ணு வின்சென்ட் 1914-ல் கோவையில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பீளமேட்டை அடுத்த சிங்காநல்லூரில் சென்ட்ரல் ஸ்டூடியோ இருந்தது. எம்.ஜி.ஆர். கதாநாயகனாக நடித்த "ராஜகுமாரி" (1947) அங்கேதான் தயாரானது.

சட்டம் கேட்காத தாள்

சென்னை கன்னிமாரா நூலகம் 1896-ல் திறக்கப்பட்டது. 1954-ம் ஆண்டுச் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி அங்கே போய்ச் சேரவேண்டும். எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் சர்க்கார் கடிதங்கள் மலைபோல் இருக்கின்றன. கோவை மாவட்டம் பற்றி நிக்கல்சன் துரை எழுதிய பெரிய புத்தகம் (1887) பல நூலகங்களில் கிடைக்கும்.

மழை, வரி, பயிர், கிணறு எல்லாவற்றுக்கும் அதில் கணக்கு உண்டு. ஆனால் ஒரு வீட்டுக் கல்யாணத்துக்கு எந்த ஊர்க்காரர்கள் வந்தார்கள் என்பது இருக்காது. மில் தொழிலாளி வாங்கிய சம்பளச் சீட்டு இருக்காது. கோவில் நோன்பு நோட்டீசு இருக்காது. இவற்றை அனுப்பும்படி எந்தச் சட்டமும் கேட்கவில்லை. யாராவது எடுத்துவைத்தால்தான் உண்டு.

பூளையா, பீளையா?

பீளமேட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது வேப்பிலை, ஆவாரம்பூவுடன் பூளைப்பூவும் வைக்கிறோம் அல்லவா? அந்தப் பூளைச் செடி நிறைந்த மேடு "பூளைமேடு" ஆயிற்று என்பார்கள். பெயர் எப்போது "பீளமேடு" என்று மாறியது? இதற்குப் பெரிய புத்தகத்தைவிடப் பழைய அழைப்பிதழ்கள் நல்ல சாட்சி. ஊர்ப் பெயர், தேதி, அச்சகத்தின் பெயர் மூன்றும் ஒரே தாளில் இருக்கும்.

பைக்காரா மின்சாரம் 1932-ல் வந்தது. கோவையில் மில்கள் பெருகின. 1926-ல் தொடங்கிய பி.எஸ்.ஜி. தொழிற்பள்ளி பீளமேட்டில் இருந்தது. 1937-ல் பீளமேட்டில் மின்சார மோட்டார் செய்தார்கள். இந்தியாவிலேயே முதல் மோட்டார் அதுதான் என்று ஊரார் பெருமையாகச் சொல்வார்கள்.

அந்த மோட்டார் என்ன விலைக்குப் போயிற்று? எந்தத் தோட்டத்துக் கிணற்றில் முதலில் தண்ணீர் இறைத்தது? அதைச் சொல்லக்கூடியது ஒரு ரசீது. அல்லது ஒரு விலைப்பட்டியல்.

மில் மூடினால் அதன் பேரேடுகள் எடைக்குப் போகின்றன. வீட்டை இடித்துக் கட்டினால் பரணில் இருந்த டிரங்குப் பெட்டி முதலில் வெளியே வருகிறது. பெட்டியை விற்பதற்குமுன் அடியில் இருக்கும் காகிதத்தை ஒரு தடவை பிரித்துப் பாருங்கள். மோட்டார் ரசீது அதில்கூட இருக்கலாம்!